தலை ஆடாத குதிரை

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அன்றைக்கு விசாரணை அறையில் இருந்தவர்கள்: மேஜைக்கு அந்தப் பக்கம் பந்தய ஆணையத்தின் அதிகாரிகள் மூவர், ஓரமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண், சாம்பல் குதிரையின் முதலாளி, அவர் கூட்டிவந்த வக்கீல், கழுத்தில் எந்நேரமும் கடிகாரம் தொங்குவதால் லாயத்தில் எல்லாரும் 'கடிகாரம்' என்றே கூப்பிடுகிற டிரெயினர், உன் அத்தான், கதவோரத்தில் நான், சாட்சி சொல்ல வந்த நீ. ஆகப் பத்து பேர். வீட்டுக் கணக்கு எழுதிப் பழகிய கை, வரவை எழுதாமல் செலவுக்குப் போகாது. வரவு பத்து பேர். அதில் என் முகத்தைப் பார்க்காமலே பஸ் ஏறிப் போனவன் நீ ஒருவன். அது செலவு.

போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. கடிதத்தை எடுக்காமல் இருக்க முடியாது. தபால்காரர் வாசலில் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் என் வாயால் ஒரு தடவை சொன்னால்தான் மனசு ஆறும். கடைசி வளைவில் உன் அத்தான் அந்தச் சாம்பல் பெண்குதிரையை மேலும் விரட்டாமல், எழுந்து நின்று கடிவாளத்தைப் பிடித்தார். மற்ற குதிரைகள் போய்விட்டன. கூட்டம் "வித்துட்டான், வித்துட்டான்" என்று கத்தியது. ஜெயிக்கிற குதிரையை வேண்டுமென்றே பிடித்து வைத்தார் என்று ஆணையம் கூப்பிட்டது. அவர் சொன்னதெல்லாம் ஒரே வாக்கியம்: "அவ காலை ஊனவே பயப்படறா சார்." அதற்கப்புறம் நீ எழுந்தாய். ஆணையத்தின் மிருக டாக்டர் என்ற முறையில், ரேஸ் முடிந்ததும் பார்த்தேன், மறுநாள் காலையும் ஓடவிட்டுப் பார்த்தேன், நொண்டவில்லை, குறை தென்படவில்லை என்றாய். மூன்று மாதம் தடை.

நீ பொய் சொன்னாய் என்று நான் நினைக்கவில்லை. சின்ன வயதில் ஜாடியை உடைத்துவிட்டு நீயே போய் அப்பாவிடம் அடி வாங்கிக்கொண்டு வந்தவன். ஆனால் இவரும் பொய் சொல்கிறவர் இல்லையே. இரண்டு பேர் நிஜம் சொல்லி, ஒருத்தர் திருடன் ஆவது எப்படி?

இனி என் பயத்துக்கு வருகிறேன். தடை ஏப்ரல் கடைசியில் முடிகிறது. யாரும் இவருக்குக் குதிரை தருவதாக இல்லை. கடிகாரம் மட்டும் ஆள் அனுப்பினார்: வந்தால் அதே சாம்பல்மேல்தான் வர வேண்டும், அவளுக்கு ஒன்றுமில்லை என்று ஊருக்குக் காட்ட வேண்டுமாம். இவர் சரி என்றுவிட்டார். சமையலறைப் படியில் உட்கார்ந்து பூட்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இனிமே என்ன ஆனாலும் நிறுத்த மாட்டேன். நிறுத்தினா திருடன். விழுந்தா வீரன்."

துடைப்பதை நிறுத்தாமல் சொன்னார். உங்கள் ஆணையம் அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. எங்கள் தெருக்கோடியில் சக்கர நாற்காலியில் இருக்கிற ஜாக்கியை உனக்குத் தெரியும். அவர் மனைவியும் நானும்தான் கடைக்குச் சேர்ந்து போவோம். எதைப் பற்றியும் குறை சொல்ல மாட்டாள். முதலிலெல்லாம் சொல்வாள்.

அந்தக் குதிரையை இன்னொரு தடவை நன்றாகப் பார். அவ்வளவுதான் கேட்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 15

அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதினால் திட்டுவாய். ஆனாலும் ஆவல்தான்.

அறையில் உன்னைப் பார்க்காதது வேண்டுமென்றே செய்தது. பார்த்திருந்தால் என் குரல் மாறியிருக்கும். மாறினால் நான் யாருக்காகவோ பேசுகிறேன் என்றாகிவிடும்.

நான் பார்த்ததைச் சொன்னேன். பார்க்காததைச் சொல்வது என் வேலை இல்லை. எப்படிப் பார்க்கிறோம் என்று தெரிந்தால் உன் கோபம் குறையலாம். குதிரையைக் கெட்டியான தரையில் போகவிட்டு, திரும்பி வரவிட்டுப் பார்ப்போம். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையைத் தொடும்போது தலையைத் தூக்கிவிடும். நல்ல கால் படும்போது தலை இறங்கும். மனிதன் பொய் சொல்லுவான், குதிரையின் தலை சொல்லாது. சாம்பலின் தலை ஆடவே இல்லை. காலில் சூடு இல்லை, வீக்கம் இல்லை. இதற்கு மேல் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

இன்னொன்று. ஒரு குதிரையைப் பற்றி ஜாக்கியின் குடும்பத்திலிருந்து எது வந்தாலும் மேலிடத்தில் காட்ட வேண்டும் என்பது விதி. உன் கடிதத்தைக் காட்டிவிட்டேன். மறைத்து வைத்திருந்து பின்னால் வெளியே வந்தால், அத்தானுக்குத்தான் கெடுதல். தயவுசெய்து குதிரையைப் பற்றி இனி எழுதாதே.

முட்டி வலி எப்படி இருக்கிறது? போன தடவை பார்த்தபோது மாடிப்படியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறினாய். அதைப் பற்றி எழுது. அதற்கு விதி எதுவும் இல்லை.

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

நீ காட்டிய கடிதம் ஊரெல்லாம் சுற்றி வீட்டுக்கே வந்துவிட்டது. ஆணையத்திலிருந்து இவருக்கு ஓலை: உங்கள் குடும்பத்தினர் அதிகாரியின் மனதை மாற்ற முயன்றதாகத் தெரிகிறது, மீண்டும் நடந்தால் கடும் நடவடிக்கை. என் மகள்தான் பிரித்துப் படித்தாள். இவர் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "உன் தம்பிகிட்ட போய் அழுதியா?" என்றார். அதற்கப்புறம் என்னிடம் அவர் பேசியது உப்பு, தண்ணீர், துண்டு. மூன்று வார்த்தை.

நான் உன் அக்கா என்றுதான் எழுதினேன். நீயோ, ஜாக்கியின் பெண்டாட்டி எழுதியது என்று வாங்கி வைத்துக்கொண்டாய். சரி, நீ படித்தவன். நான் பழைய பேப்பரில் மடித்து வந்த பொட்டலங்களைப் பிரித்துப் பிரித்து எழுத்துக் கூட்டியவள். விதி என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தவன், "அக்கா, இதைக் காட்டப்போகிறேன்" என்று முதலில் ஒரு வரி எனக்கு எழுதியிருக்கக் கூடாதா? அதற்கும் ஒரு விதி தடையாக இருந்ததா?

காலையில் ஆண்டவன் முன்னால் உட்கார்ந்தால் என்ன கேட்பதென்றே தெரியவில்லை. கால் உடையக் கூடாது என்று கேட்கிறேன். யார் கால் என்று அவரே புரிந்துகொள்ளட்டும்.

முட்டியைக் கேட்டாயே, அதையும் கேட்டுக்கொள். குணமாகிவிட்டது என்று வீட்டில் எல்லாருமாகத் தீர்மானித்துவிட்டார்கள். வலது முட்டி மட்டும் வலித்தபோது சாய்ந்து சாய்ந்து நடந்தேன், மகள் வாளியைத் தொட விடமாட்டாள். மழைக்குப் பிறகு இடதும் சேர்ந்துகொண்டது. இப்போது எந்தப் பக்கம் சாய்வது? நேராக நடக்கிறேன். அடியைக் கொஞ்சம் குறைத்து வைக்கிறேன், அதை யார் பார்க்கிறார்கள்? "அம்மாவுக்குக் கால் நல்லாயிடுச்சு" என்று வாளி என்னிடமே திரும்பி வந்துவிட்டது. ஒரு கால் வலித்தால் நோயாளி, இரண்டும் வலித்தால் ஆரோக்கியம். ஆண்டவன் கணக்கு மட்டும் எனக்கு எந்தக் காலத்திலும் நேரானதில்லை.

இதையும் வேண்டுமானால் உன் மேலிடத்தில் காட்டு. முட்டிக்குத் தைலம் அனுப்பினாலும் அனுப்புவார்கள்.

அக்கா


மார்ச் 21

அக்கா,

உன் கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தேன். கடைசிப் பத்திக்கு வந்ததும் உள்ளே போய் உட்கார்ந்து மறுபடி படித்தேன். 'எந்தப் பக்கம் சாய்வது?' என்று நீ எழுதியிருப்பதை.

அக்கா, குதிரைக்கும் அப்படித்தான். ஒரு முன்னங்கால் வலித்தால் தலை ஆடும். இரண்டும் ஒரே அளவு வலித்தால் எந்தக் காலுக்காக ஆடும்? ஆடாது. நேராக ஓடும், அடி மட்டும் குட்டையாகும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, கல்லூரியில் படித்ததுதான். ஆனால் அன்று நான் தலையைப் பார்த்தேன். அடியைப் பார்க்கவில்லை. அத்தான் 'காலை ஊனவே பயப்படறா' என்றார். எந்தக் காலை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒரு காலில் மரத்துப்போகிற ஊசி போட்டு ஓடவிட வேண்டும். அந்தக் காலில் வலி போய்விட்டால், மற்றக் கால் தனியாக மாட்டிக்கொள்ளும். அப்போது நொண்டும். முதலாளி சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் ஆணையம் உத்தரவு போட வேண்டும்.

மறுநாளே தலைமை மருத்துவரிடம் போனேன். முழுவதும் கேட்டார். நல்ல மனிதர்தான். கோப்பை எடுத்து, நான் முன்பு காட்டிய உன் கடிதத்தை என் முன்னாலேயே வைத்தார். "நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம் டாக்டர். ஆனா அதை நீங்க சொல்லக்கூடாது" என்றார். அக்கா எழுதிக் கேட்டபின் தம்பி சாட்சியத்தை மாற்றுகிறான் என்றுதான் யாரும் சொல்வார்களாம். அந்தக் குதிரையின் விஷயத்தில் நான் எதிலும் தலையிடக் கூடாது என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். ரேஸ் அன்று காலையில் வேறொரு டாக்டர் வருவார். அவரும் தலையைத்தான் பார்ப்பார்.

நான் உன் கடிதத்தை ஒழுங்காகக் காட்டியதால்தான் இப்போது என் வாய் கட்டப்பட்டிருக்கிறது. நீ திட்டுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

ஒரே ஒரு வழி மீதி இருக்கிறது. ரேஸ் தொடங்குகிற இடத்தில் குதிரைகளைக் கூண்டுக்குள் விடுவதற்கு முன், ஜாக்கி அங்கே நிற்கிற டாக்டரைக் கூப்பிட்டு, 'இவள் சரியில்லை' என்று சொல்லலாம். 'ரெண்டு காலும்' என்று சொல்ல வேண்டும். அத்தானைச் சொல்ல வை.

தம்பி


ஏப்ரல் 12

தம்பிக்கு,

சொன்னேன். முதலில் மகளை விட்டுச் சொல்ல வைத்தேன், பிறகு நானே சொன்னேன். தாழ்வாரத்தில் துணி காய்ந்துகொண்டிருந்தது, இரண்டு போர்வைகளுக்கு நடுவில் அவரை நிறுத்தி வைத்துச் சொன்னேன். தப்பித்துப் போக வழியில்லை, பேசித்தான் ஆக வேண்டும்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் சொன்னா என்ன நடக்கும்? டாக்டர் ஓடவிட்டுப் பார்ப்பார். தலை ஆடாது. அப்புறம் நான் திருடன் மட்டுமில்ல, பயந்தாங்கொள்ளி. திருடனுக்காவது எவனாவது குதிரை குடுப்பான்" என்றார். ஊசி போட்டால் தெரியும் என்று தம்பி எழுதியிருக்கிறான் என்றேன். "அவன் அதை என் முன்னால, அந்த மேஜைக்கு முன்னால சொல்லட்டும்" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியது அதுதான். ஒருத்தராவது, 'நீ சொன்னது நிஜம்' என்று சொல்ல வேண்டும். நான் சொன்னால் கணக்கில் வராது, பெண்டாட்டி. மகள் சொன்னாலும் வராது. நீ சொன்னால் வரும், ஏனென்றால் நீதான் இல்லை என்று சொன்னவன்.

அவருக்கு எழுது. எனக்கு எழுதினாலும் கோப்புக்குப் போகும், அவருக்கு எழுதினாலும் கோப்புக்குப் போகும். எப்படியும் போகப்போகிறது, போவதை நல்லதாக எழுது. மே 2 சனிக்கிழமை ரேஸ். அதற்கு முன்னால் வந்து சேர வேண்டும்.

இப்போதெல்லாம் தினமும் விடியும்போது எடை பார்க்கும் தட்டில் ஏறி நிற்கிறார். நான் வைப்பதில் பாதியைத்தான் சாப்பிடுகிறார். மீதியை நான் என்ன செய்வது, எந்தப் பக்கத்தில் எழுதுவது?

அக்கா


ஏப்ரல் 24

அக்கா,

இத்துடன் அத்தானுக்கு ஒரு கடிதம். ஒட்டவில்லை, நீ படிக்கலாம். அதில் இருப்பது இவ்வளவுதான்:

'அத்தான், அன்று நான் சொன்னது தவறு. நான் தலையைப் பார்த்தேன், அடியைப் பார்க்கவில்லை. அவளுக்கு முன்னங்கால் இரண்டிலும் வலி இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். ஒரு காலை மரக்கவைத்து ஓடவிட்டால் தெரிந்துவிடும். நீங்கள் நிறுத்தியது சரி. இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.'

கீழே கையெழுத்தும் பதவியும் போட்டிருக்கிறேன். நான் தலையிடக் கூடாது என்று உத்தரவு வந்த பிறகு எழுதியது என்பது தேதியைப் பார்த்தாலே தெரியும். காட்டினால் வேலை போகும். இந்த வீடும் வேலையோடு வந்ததுதான். உன் தம்பி பெண்டாட்டியிடம் சொன்னேன். பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "அனுப்புங்க. அப்புறமா பயப்படலாம்" என்றாள்.

இந்தத் தடவை மேலிடத்தில் காட்டவில்லை. முதல் தடவையாக ஒரு விதியை மீறுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

தம்பி


மே 3

அன்புள்ள தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறார். இதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றது பிறகு.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். உன் எழுத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "முடிஞ்சதும் படிக்கறேன். இப்ப படிச்சா கை குழம்பும்" என்றார். நான் காலைப் பிடிக்காத குறை. கேட்கவில்லை. ஆகவே, தம்பி, நீ வேலையைப் பணயம் வைத்து எழுதியதைப் படிக்காமலே குதிரை ஏறினார்.

மைதானத்துக்கு நான் போனது கல்யாணமான புதிதில் ஒரு தடவை, அதற்கப்புறம் நேற்று. தெருக்கோடி ஜாக்கியின் மனைவி கூட வந்தாள். நான் கூப்பிடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். கூண்டுக்குப் பக்கத்தில் டாக்டர் நின்றிருந்தார். இவர் அவரைக் கூப்பிடவில்லை. நேரே உள்ளே போனார். அப்போது எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது. ஆண்டவன் பேரைச் சொல்ல வாயைத் திறந்தேன், பேர் மறந்துவிட்டது.

மைதானத்தின் எதிர்ப்பக்கம் போகும்போது இவர் இரண்டாவதாக இருந்தார். கூட்டம் எழுந்து நின்றது. அதே கடைசி வளைவு. என் கையைப் பக்கத்தில் இருந்தவள் பிடித்திருந்தாள், எலும்பு நொறுங்குகிற மாதிரி. அங்கே, தம்பி, இவர் எழுந்து நின்றார். கடிவாளத்தைப் பிடித்து, அவளை மெல்ல வெளிப்பக்கமாக ஒதுக்கி, எல்லாரையும் போகவிட்டு, நடக்கவைத்து, நிறுத்தி, இறங்கிவிட்டார். என் பக்கத்தில் இருந்தவள், "இவர் நிறுத்திட்டார்" என்றாள். மறுபடி மறுபடி அதையே சொன்னாள். அவள் வீட்டுக்காரர் நிறுத்தாதவர்.

போன தடவை கத்தியதைவிட மோசமாகக் கத்தினார்கள். ஒரு பாட்டில் பறந்து வந்து வேலிக்கு உள்ளே விழுந்தது. இவர் குதிரையின் கழுத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார். டாக்டர் வந்து ஓடவிட்டுப் பார்த்தார். தலை ஆடவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை விசாரணை. இரண்டாவது தடவை என்பதால் உரிமத்தை ஒரேயடியாகப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று கடிகாரமே சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ரேஸுக்குச் சாம்பல்மேல் வேறு ஒருவரை ஏற்றப்போகிறார்களாம், வெளியூர்க்காரர். அவர் வீட்டிலும் ஒருத்தி பூட்ஸ் துடைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஏன் நிறுத்தினீர்கள் என்று இன்று காலையில் கேட்டேன். "நிறுத்தணும்னு நெனைக்கல. கை நிறுத்திடுச்சு" என்றார். அதற்கப்புறம்தான் உன் கடிதத்தை எடுத்துப் படித்தார். உதட்டை அசைத்து, மெதுவாக. முடித்ததும், "டாக்டராகியும் இவன் கையெழுத்து திருந்தலையே" என்றார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். வேர்வை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இதை வெள்ளிக்கிழமை அவர்கள் முன்னால் வைக்கலாம், ஊசி போட்டுப் பார்க்கச் சொல்லலாம் என்றேன். வேண்டாம் என்றார். "அவன் சொன்னது எனக்குக் கேட்டாச்சு. அது போதும். பாப்பா இருக்கற வீடு. காட்டினா நடுத்தெருவுக்கு வந்துடுவான்." கடிதத்தை என்னிடம் கொடுத்து, துணிகளுக்கு அடியில் வை என்றார். வைத்தேன். இப்போது உனக்கு இதை எழுதுவது அவருக்குத் தெரியாது.

யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம் என்று நீ எழுதியிருக்கிறாய். அது ரேஸுக்கு முன்னால், உன் அத்தான் விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் எழுதியது. அவர் விழவில்லை. இப்போது போவது உயிர் இல்லை, பிழைப்பு. அவர் பிழைப்பா, உன் பிழைப்பா. அதோடு இன்னொருத்தர் அந்தக் குதிரைமேல் ஏறப்போவதும் இருக்கிறது, அதை எந்தப் பக்கத்தில் எழுதினாலும் மனசு ஒப்பவில்லை. இந்தக் கேள்விக்கு நீ இன்னொரு தடவை பதில் சொல்ல வேண்டும். என் கடிதத்தை நீ என்னைக் கேட்காமல் காட்டினாய். உன் கடிதத்தை நான் உன்னைக் கேட்காமல் காட்ட மாட்டேன்.

வீட்டில் சமைக்கிறேன், துவைக்கிறேன், மாடிப்படி ஏறி இறங்குகிறேன். அம்மா தைரியசாலி என்று மகள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் ஒரே வலி, தம்பி. அதனால்தான் நேராக நடக்கிறேன்.

விசாரணை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. காட்டவா, வேண்டாமா? அதற்கு முன் வந்து சேரும்படி சீக்கிரம் பதில் போடு.

அக்கா